சரியான கார்டையே தப்புன்னு சொன்ன ஃபார்ம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூர்ல டேபிள்டாப் வெட் கிரைண்டர் செஞ்சு விக்கற ஒரு நடுத்தர கம்பெனி. உள்ளூர் வியாபாரம் பெரும்பாலும் டீலர் வழியாவே போயிடும். வெப்சைட்டுக்கு வர்றது ரெண்டு வகை ஆளுங்க. பெல்ட்டு, கல்லு, டிரம்முனு ஸ்பேர் தேடி வர்ற நம்ம ஊர்க்காரங்க ஒரு பக்கம், 110 வோல்ட் மோட்டார் போட்ட மாடல் வேணும்னு கேக்கற அமெரிக்கா, கனடா தமிழ்க் குடும்பங்க இன்னொரு பக்கம். ஆர்டர் எண்ணிக்கைல ரெண்டாவது கூட்டம் கம்மிதான், ஆனா ஒவ்வொரு ஆர்டரும் பெருசு, ஏன்னா ஷிப்பிங்கே ஒரு கிரைண்டர் வெலைக்குப் பக்கத்துல வந்துரும்.

செக்அவுட் பேஜ் கம்பெனிக்குன்னு சொந்தமா எழுதுனது. கார்டு நம்பர், காலாவதி தேதி, சிவிவி மூணும் அவங்க ஃபார்ம்லயே வாங்கி, பிரவுசர்ல இருந்தே பேமெண்ட் கேட்வேக்கு (பேங்க் கிட்ட பேசி கார்டு பணத்த வாங்கித் தர்ற சேவை) அனுப்பற அமைப்பு. சர்வர்ல கார்டு நம்பர் சேமிக்கறதில்ல, அது வரைக்கும் நல்லது. அனுப்பறதுக்கு முன்னாடி நம்பர் சரியான்னு பாக்க ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு ஃபங்ஷன் இருந்துச்சு. அத எழுதுனவர் வேலைய விட்டுப் போய் ரொம்ப நாள் ஆச்சு. ஓடிட்டுதான இருக்கு, எதுக்குத் தொடணும்னு அப்புறம் வந்தவங்க யாரும் அதுல கை வைக்கல.

என்ன தெரிய வந்துச்சு

முதல்ல கவனிச்சது டெவலப்பர் கிடையாது, கஸ்டமர் சப்போர்ட்ல போன் எடுக்கற அக்காதான். வெளிநாட்டுல இருந்து பேசறவங்க அடிக்கடி ஒரே விஷயத்தச் சொல்றாங்க, கார்டு நம்பர் தப்புன்னு செவப்புல வருது, ஆனா அதே கார்டு வேற எல்லா எடத்துலயும் போகுதுன்னு. அந்தக்கா அத ஒரு நோட்டுல எழுதி வெச்சாங்க. நம்பர் எழுதல, எந்த ஊரு, என்ன கார்டு, பேஸ்ட் பண்ணாங்களா டைப் பண்ணாங்களா, அவ்ளோதான். பின்னாடி முழு விசாரணைக்கும் அந்த நோட்டுதான் ஆதாரமா நின்னுச்சு.

டெக்னிகல் டீம்ல மொதல்ல நம்பல. கேட்வே டேஷ்போர்டத் தொறந்து பாத்தா வெற்றி விகிதம் நல்லாவே இருக்கு, புகார்ல அடிபட்ட அமெக்ஸ், அதாவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், கார்டுல ஆர்டர் வந்துருக்கறதும் லிஸ்ட்ல தெரியுது. அமெக்ஸ் வேலை செய்யலன்னா இது எப்டி வந்துச்சு, அப்ப அவங்க தப்பா டைப் பண்றாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுல நியாயம் இல்லாம இல்ல, சிவிவிக்கு நாலு இலக்கம் விடற ஏற்பாடும் ஃபார்ம்ல இருந்துச்சு, மத்த கார்டுல அது மூணுதான், அமெக்ஸுக்குன்னே யாரோ யோசிச்சு பண்ண வேலை அது.

கம்பெனி ஓனர்தான் சரியான எடத்துல கை வெச்சாரு. அவரு டெக்னிகல் ஆளு இல்ல. "ஏந் தம்பி, அந்த செவப்பு மெசேஜ் வந்தவங்க உங்க டேஷ்போர்டுல எண்ணிக்கைல வருவாங்களா, வரமாட்டாங்களா?"ன்னு கேட்டாரு. வரமாட்டாங்க. பிரவுசர்லயே நிறுத்திட்டதால கேட்வேக்கு எதுவுமே போகல, சர்வர்ல நடக்கறத எழுதி வெக்கற லாக்லயும் ஒரு வரி கிடையாது. வாட்ச்மேன் வாசல்லயே ஆளுங்கள திருப்பி அனுப்பிட்டு இருக்க, கல்லாவுல உக்காந்துருக்கறவன் கணக்கு சரியா இருக்குன்னு சொல்ற மாதிரிதான் அந்த வெற்றி விகிதம். அந்தக் கட்டத்துலதான் வெளிய இருந்து எங்கள பாக்கச் சொன்னாங்க.

நம்பரப் பாக்காம எப்டி கண்டுபிடிக்கறது

டீம்ல இருந்த சின்னப் பையன் ஒருத்தர் உடனே ஒரு வழி சொன்னாரு. "அண்ணா, ஃபெயில் ஆகற நம்பர அப்டியே லாக்ல போட்டுட்டா ஒரே நாள்ல தெரிஞ்சுருமே." கேக்க சுலபமா இருக்கும், ஆனா பண்ணவே கூடாது. முழு கார்டு நம்பர் லாக்ல வந்துட்டா அந்த லாக் இருக்கற சர்வர், பேக்அப், அதப் பாக்கற ஆளுங்க எல்லாருமே பிசிஐ டிஎஸ்எஸ்ங்கற கார்டு பாதுகாப்பு விதிகளுக்குள்ள வந்துருவாங்க. சிவிவிய, பேங்க் அந்தப் பரிவர்த்தனைக்கு அனுமதி குடுத்ததுக்கு அப்புறம், என்கிரிப்ட் பண்ணிக்கூட வெச்சுக்கக் கூடாது. நம்ம ஊர்ல ரிசர்வ் வங்கி வேற 2022 அக்டோபர் 1ல இருந்து கடைக்காரங்க கார்டு விவரத்த சேமிக்கக் கூடாது, நம்பருக்குப் பதிலா டோக்கன்ங்கற மாற்றுக் குறியீடுதான்னு சொல்லியாச்சு. "ஃபெயில் ஆன நம்பர்தான"ன்னு ஒரு வாதமும் வந்துச்சு, ஆனா இங்க பிரச்சனையே சரியான நம்பர் ஃபெயில் ஆகறதுதான்.

அதனால இலக்கம் எதுவும் இல்லாம காரணத்த மட்டும் அனுப்பற மாதிரி முடிவாச்சு: எந்தக் கட்டத்துல ஃபெயில் ஆச்சு, மொத்தம் எத்தன இலக்கம், இலக்கம் இல்லாத எழுத்து ஏதாச்சும் இருந்துச்சா, பேஸ்ட்டா டைப்பா. இந்த நாலே போதும்.

இத மாட்டறப்ப வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மார்க்கெட்டிங் ஆளுங்க எப்பவோ சேத்துவிட்ட ஒரு செஷன் ரெக்கார்டிங் ஸ்கிரிப்ட் (கஸ்டமர் பேஜ்ல என்னென்ன பண்றாங்கன்னு பதிவு பண்றது) செக்அவுட் பேஜ்லயும் ஓடிட்டு இருந்துச்சு. பாஸ்வேர்டு பெட்டிய அது தானா மறைச்சிடும், ஆனா கார்டு பெட்டி சாதாரண டெக்ஸ்ட் பெட்டி, அத மறைக்கணும்னு யாரும் அதுக்குச் சொல்லல. கஸ்டமர் அடிக்கற நம்பர் ரெக்கார்டிங்ல அப்டியே தெரிஞ்சுச்சு. இது கார்டு தப்புன்னு வர்றதவிட பெரிய விஷயம், அதனால மத்ததெல்லாம் அப்டியே நிறுத்திட்டு மொதல்ல இதப் பாத்தோம். ஸ்கிரிப்ட பேமெண்ட் பேஜ்ல இருந்து எடுத்து, ரெக்கார்டிங்க அழிச்சு, அழிச்சத எழுத்துல வாங்கி, கேட்வேக்கும் தகவல் சொன்னாங்க. பேமெண்ட் பேஜ்ல ஓடற ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் கணக்கும் காரணமும் வெச்சுக்கணும்ங்கறது பிசிஐ டிஎஸ்எஸ் நாலாவது பதிப்புல 2025 மார்ச் 31க்கு அப்புறம் கட்டாயம். அது எதுக்குன்னு இந்த ரெக்கார்டிங்கப் பாத்தவங்களுக்குத் தனியா விளக்க வேண்டியதில்ல.

ஒண்ணுக்கு அடியில ஒண்ணு

காரணக் குறிப்புங்க வர ஆரம்பிச்சதும் ஒரு பிழை இல்ல, அடுக்கடுக்கா இருக்குன்னு தெரிஞ்சுது.

மேல இருந்தது அற்பமானது. பெட்டிக்கு அதிகபட்ச நீளம் 16னு வெச்சுருந்தாங்க. பாஸ்வேர்டு மேனேஜர்ல இருந்தோ நோட்ஸ்ல இருந்தோ காப்பி பண்ணா நம்பர் நாலு நாலா பிரிஞ்சு நடுவுல ஸ்பேஸோட வரும், மொத்தம் 19 எழுத்து. பிரவுசர் 16 எழுத்தோட வெட்டிடும், அதுல மூணு ஸ்பேஸ் போக மிச்சம் 13 இலக்கம்தான். கஸ்டமருக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது, ஏன்னா பெட்டி சின்னது, வால் வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரியல. டைப் பண்ணவங்களுக்கு வராம பேஸ்ட் பண்ணவங்களுக்கு மட்டும் வந்ததுக்கு இதான் காரணம், அந்தக்கா நோட்டுல அது அப்டியே இருந்துச்சு.

அடுத்தது ரீஜெக்ஸ், அதாவது அடிச்சது எந்த வடிவத்துல இருக்கணும்னு சொல்ற விதி. எந்த கார்டு எந்த இலக்கத்துல ஆரம்பிக்கும்னு ஒரு பெரிய பட்டியல், எங்கயோ பழைய எடத்துல இருந்து அப்டியே எடுத்துப் போட்டது. விசா 4, மாஸ்டர்கார்டு 51ல இருந்து 55, டிஸ்கவர் 6011யும் 65ம், ஜேசிபிக்கு 2131, 1800னு 15 இலக்கப் பழைய நம்பர்கூட இருக்கு, கிரைண்டர் வாங்கறவங்க கையில அது இருக்க வாய்ப்பே இல்ல. ஆனா மாஸ்டர்கார்டோட 2221ல இருந்து 2720 வரைக்குமான வரிசை இல்ல, அது 2017லயே புழக்கத்துக்கு வந்துருச்சு. ரூபே 2012ல வந்தது, அதுக்கும் தனியா எதுவும் இல்ல. 65ல ஆரம்பிக்கற ரூபே மட்டும் டிஸ்கவர் பேர்ல தப்பிச்சுப் போயிட்டு இருந்துச்சு, 508, 81, 82ல ஆரம்பிக்கறதும் 60ல பெரும்பகுதியும் நின்னுருச்சு.

உள்ளூர் ஆளுங்க இதுக்கு ஏன் ஒருத்தர்கூட போன் பண்ணலன்னு கேட்டா, பதில் யுபிஐ. கார்டு போகலன்னா அடுத்த டேப்ல கியூஆர் இருக்கு, ஸ்கேன் பண்ணிட்டுப் போயிட்டே இருப்பாங்க. அந்த வசதி இல்லாத வெளிநாட்டு ஆளு மட்டும்தான் மாட்டிக்கிட்டு போன் அடிக்கறான். புகார் ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்துச்சுன்னா கோளாறும் அந்தப் பக்கத்துல மட்டும்தான்னு நெனச்சா இங்க ஏமாந்துருப்போம்.

அமெக்ஸ் புதிர்

இந்த வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அமெக்ஸ் 34, 37 ரெண்டும் ரீஜெக்ஸ்ல சரியா இருக்கு, 15 இலக்கம், 16க்குள்ள அடங்கிடும், சிவிவி நாலு இலக்கமும் விடுது. அப்பறமும் பெரும்பாலான அமெக்ஸ் கார்டு நிக்குது, ஒண்ணு ரெண்டு மட்டும் போகுது. முழுசா நின்னுருந்தா எப்பவோ கண்டுபிடிச்சுருப்பாங்க.

காரணம் லூன் கணக்கு. ஐபிஎம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954ல விண்ணப்பிச்சு 1960ல காப்புரிமை வாங்கின முறை அது. கார்டோட கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். அத விட்டுட்டு வலது பக்கத்துல இருந்து ஒண்ணு விட்டு ஒண்ணு இரட்டிப்பாக்கி, 9க்கு மேல போனா 9 கழிச்சு, கடைசி இலக்கத்தையும் சேத்து எல்லாத்தையும் கூட்டி, 10ஆல மீதியில்லாம வகுபட்டா சரி. ஒரு இலக்கம் தப்பா அடிச்சா கண்டிப்பா பிடிச்சுரும், பக்கத்து பக்கத்து இலக்கம் மாறிப்போச்சுன்னாலும் 09, 90 ஜோடி தவிர பிடிச்சுரும்.

இங்க முக்கியமான சொல் வலது பக்கத்துல இருந்துங்கறது. இந்த ஃபங்ஷன் இடது பக்கம் முதல் இலக்கத்துல இருந்து இரட்டிப்பாக்கிட்டுப் போகுது. 16 இலக்கம் இரட்டைப்படைங்கறதால ரெண்டு பக்கம் இருந்து எண்ணுனாலும் இரட்டிப்பாகறது அதே இலக்கங்கதான், வித்தியாசமே தெரியாது. 15ன்னா எல்லாம் ஒரு எடம் தள்ளிப்போயிடும், இரட்டிப்பாக வேண்டியது ஆகாது, ஆகக்கூடாதது ஆகும். எல்லாரும் டெஸ்ட்டுக்கு எடுக்கற 378282246310005 நம்பரயே பாருங்க, சரியான முறைல கூட்டுத்தொகை 60, இவங்க முறைல 48. பெயில்.

அப்ப அந்த ஒண்ணு ரெண்டு எப்டி போச்சு? தப்பான முறைல கூட்டுனாலும் கடைசில 10ஆல வகுபடுதான்னுதான பாக்கறோம், பத்து கார்டுல ஏறத்தாழ ஒண்ணு தற்செயலா வகுபட்டுரும். அதிர்ஷ்டம் இருந்தவங்க ஆர்டர் டேஷ்போர்டுல வந்துச்சு, அதப் பாத்துதான் டீம் அமெக்ஸ் ஓடுதுன்னு சத்தியம் பண்ணிட்டு இருந்துச்சு. டெஸ்ட்டுக்கு இவ்ளோ வருஷமும் பயன்படுத்துனது 4111 1111 1111 1111 ஒண்ணுதான், 16 இலக்கம், அது எப்டி கூட்டுனாலும் பாஸ்.

இதுக்கும் அடியில ஒண்ணு இருந்துச்சு. இலக்கம் மட்டும்தான் இருக்கான்னு பாக்க, உள்ள வந்தத நம்பரா மாத்தி திரும்ப ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா) மாத்தறாங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல முழு எண் துல்லியமா நிக்கறது 9007199254740991 வரைக்கும்தான், அது 16 இலக்கம். 19 இலக்கம் உள்ள போனா கடைசி ரெண்டு மூணு இலக்கம் பூஜ்யமா வெளிய வரும். கார்டு நம்பர் 19 இலக்கம் வரைக்கும் இருக்கலாம்னு ஐஎஸ்ஓ 7812ங்கற சர்வதேசத் தரம் சொல்லுது, சீனாவோட யூனியன்பேல பாக்கலாம், நம்ம எஸ்பிஐ முன்ன குடுத்த மேஸ்ட்ரோ டெபிட் கார்டுகூட 19தான். மேல 16ன்னு நீளத்தடை இருந்ததால இது இத்தன வருஷம் வெளியவே தெரியல, தடைய எடுத்ததும்தான் தலைகாட்டுச்சு. கார்டு நம்பர்ங்கறது பேருக்குத்தான் நம்பர், அதக் கூட்டிக் கழிக்க ஒண்ணும் இல்ல, அது ஸ்ட்ரிங்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ரீஜெக்ஸ புதுசாக்கி எழுதலாமா, தூக்கிப் போட்றலாமான்னு வாக்குவாதம் வந்துச்சு. டீம் லீடு புதுசாக்கலாம்னாரு, கண்ட நம்பரையும் விட்டா மோசடிக்காரனுக்கு வசதி ஆயிடும்னு அவரு பயம். அந்தப் பயத்த ஒதுக்கிட முடியாது, ஆனா இந்தப் பூட்டு அந்தத் திருடனுக்கு இல்ல. லூன் கணக்கு ஊருக்கே தெரியும், திருட்டு கார்டு சோதிக்கற பாட் (தானா ஓடற புரோகிராம்) லூன் சரியா வர்ற நம்பரத்தான் அடிக்கும், 16 பூஜ்யம் அடிச்சாலே லூன் பாஸ் ஆயிடும். அவனத் தடுக்கறது கேட்வே, பேங்க், அப்புறம் ஒரே எடத்துல இருந்து எத்தன தடவ முயற்சி பண்ணலாம்ங்கற வரம்பு. அந்த வரம்பு இல்லாம இருந்துச்சு, அத சேத்தோம்.

பட்டியல புதுசாக்கறதும் ஒரு முடிவில்லாத வேலை. 2022 ஏப்ரல்ல இருந்து கார்டோட முதல் 8 இலக்கத்த வெச்சு பேங்க அடையாளம் காட்டற முறைக்கு விசா, மாஸ்டர்கார்டு மாதிரி கார்டு நெட்வொர்க்குங்க மாறியாச்சு, நாளைக்கு புது வரிசை வரும், ஒரு கிரைண்டர் கம்பெனி அதப் பாத்துட்டு உக்காந்துருக்க முடியாது. அதனால ஃபார்மோட வேலை கை தவறி அடிச்சத சொல்றது மட்டும்தான்னு வெச்சாச்சு. ஸ்பேஸ், ஹைஃபன் எல்லாம் தானா எடுத்துரும், 12ல இருந்து 19 இலக்கம், வலது பக்கத்துல இருந்து லூன், அவ்ளோதான். எந்த நெட்வொர்க்குனு ஊகிக்கறது லோகோ காட்டறதுக்கு மட்டும், தெரியலன்னா லோகோ வராது, ஆனா நிறுத்தாது.

செவப்பு மெசேஜும் மாறுச்சு. முன்னாடி நாலு இலக்கம் அடிக்கறதுக்குள்ளயே "செல்லாத கார்டு"ன்னு கத்தும். இப்ப பெட்டிய விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் பாக்கும், வந்தாலும் "நம்பர இன்னொரு தடவ சரிபாருங்க"ன்னுதான் சொல்லும். மொபைல்ல நம்பர் கீபோர்டு வர்ற மாதிரியும், பிரவுசர்ல சேமிச்ச கார்டு தானா நிரம்பற மாதிரியும் பண்ணது சின்ன வேலை, ஆனா தானா நிரம்பிட்டா கை தவறுறதே இல்ல.

டெஸ்ட்டுக்கு ஒரே நம்பர்ங்கறது போச்சு. அமெக்ஸ் 15, 2ல ஆரம்பிக்கற மாஸ்டர்கார்டு 2223003122003222, பழைய 13 இலக்க விசா 4222222222222 எல்லாம் சேத்து, அது போக 12ல இருந்து 19 வரைக்கும் எல்லா நீளத்துலயும் கண்டபடி இலக்கம் போட்டு சரிபார்ப்பு இலக்கம் சேத்து, அது பாஸ் ஆகணும், அதுலயே ஒரு இலக்கத்த மாத்துனா பெயில் ஆகணும்னு தானா ஓடற டெஸ்ட் ஒண்ணு. இது மட்டும் மொதல்லயே இருந்துருந்தா அமெக்ஸ் புதிர் பொறந்தே இருக்காது.

இந்தத் திருத்தம் தற்காலிகம்னு அன்னைக்கே பேசிட்டோம். கார்டு பெட்டிய கேட்வேயே தர்ற ஐஃப்ரேம்ல (நம்ம பேஜுக்குள்ள தெரியற அவங்களோட தனிப் பேஜ்) மாத்தி, நம்பர் கம்பெனி பேஜையே தொடாம போற மாதிரி பண்றதுதான் நிரந்தர ஏற்பாடு. உடனே பண்ணாததுக்குக் காரணம் தீபாவளி ஆர்டர் நேரம், அப்ப செக்அவுட்ட மொத்தமா மாத்த ஓனர் ஒத்துக்கல, அது சரியான முடிவுன்னுதான் நெனைக்கறேன்.

என்ன நடந்துச்சு

திருத்தம் போன கொஞ்ச நாள்லயே ஓனர் கிட்ட இருந்து போன், கோபமா. கேட்வே வெற்றி விகிதம் முன்னவிட எறங்கிருச்சு. "சரி பண்றேன்னு சொல்லிட்டு கெடுத்துட்டீங்களே தம்பி!"ன்னாரு. நியாயமான கேள்வி. முன்னாடி வாசல்லயே நின்ன கார்டுங்க இப்ப உள்ள போகுது, அதுல சிலத வெளிநாட்டு பேங்க் சந்தேகப்பட்டு மறுக்கும், அதெல்லாம் இப்ப கணக்குல வரும். வெற்றி எண்ணிக்கையும் கூடிருக்கு, முயற்சி எண்ணிக்கை அதவிட கூடிருக்கு, அதனால விகிதம் எறங்குது. ஆர்டர் லிஸ்ட்ட பக்கத்துல வெச்சுக் காட்டினதும் சமாதானமானாரு. இத முன்கூட்டியே சொல்லி வெச்சுருக்கணும், டெக்னிகல் ஆளுங்களுக்கு இது வெளிப்படை, விகிதத்த மட்டும் பாக்கறவருக்கு அதிர்ச்சி.

சப்போர்ட்டுக்கு வர்ற போன் கொறையல, விஷயம் மாறுச்சு. இப்ப பேங்க் மறுத்துடுச்சுன்னு வருது, அதுக்கு அந்தக்காவால பதில் சொல்ல முடியுது, உங்க பேங்க்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனைய அனுமதிக்கச் சொல்லுங்கன்னு. அமெக்ஸ் புகார் நின்னுருச்சு. உள்ளூர்லயும் ரூபே கார்டுல ஸ்பேர் ஆர்டர் வர ஆரம்பிச்சுது, யாருமே கேக்காத ஒண்ணு அது. பொங்கலுக்கு அப்புறம் ஐஃப்ரேமுக்கும் மாறிட்டாங்க.

இன்னொரு தடவ பண்ணா என்ன மாத்துவாங்க

அந்தக்காவோட நோட்டு மொத நாளே டெக்னிகல் மீட்டிங்குக்கு வந்துருக்கணும், அது வர்றதுக்கு நடுவுல ரெண்டு பேரைத் தாண்ட வேண்டி இருந்துச்சு. இப்ப அவங்க நேரா டிக்கெட் போடறாங்க. பிரவுசர்ல எது நிறுத்துனாலும் ஒரு காரணக் குறிப்பு சர்வருக்கு வரணும்ங்கறது கார்டு பெட்டிக்கு மட்டும் இல்லாம பின்கோடு, போன் நம்பர் பெட்டிக்கும் போட்டாங்க, போட்ட உடனே கனடா அஞ்சல் குறியீட்டுல எழுத்தும் எண்ணும் கலந்து வர்றத ஃபார்ம் மறுக்கறது தெரிஞ்சுது, அது தனிக் கதை.

தீராத ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் 19 இலக்க யூனியன்பே கார்டு அடிச்சாரு, ஃபார்ம் இப்ப ஒழுங்கா விட்டுச்சு, ஆனா கம்பெனியோட கேட்வே கணக்குல யூனியன்பே வசதி இல்ல. கடைசில அவரு தம்பி விசா கார்டுல வாங்கிட்டாரு. யூனியன்பே சேக்கறதுக்கு ஆகற செலவுக்கு அந்த அளவு ஆர்டர் வராதுன்னு ஓனர் வேணாம்னுட்டாரு. எந்தெந்த கார்டு எடுப்போம்னு பேமெண்ட் பேஜ்ல மேலயே எழுதிப் போட்டுருக்காங்க.